மகளின் முதல் துவக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர், வீதி, பாடசாலை எதையும் சொல்ல மாட்டேன். யாரென்று கண்டுபிடிக்கவும் வேண்டாம், ப்ளீஸ்.

போன நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை இருக்கும். இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து சாரத்தை மாற்றிக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். கேற்றடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா. என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வாங்க காக்கா, இரிங்க" என்றேன். இருந்தார். பிளேன்டி வந்தது. அதைத் தொடவில்லை.

"சேர், ஒரு பாரதூரமான விசயம். மகள் துவக்கு வாங்கப் போறாளாம். நீங்கதானே அவளுக்குப் படிப்பிச்ச. நீங்க சொன்னாக் கேப்பாள். வேணாண்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. அந்த மனிசன் பகல் முழுக்க யோசித்து, இருட்டின பிறகு யாரும் காணாமல் வந்திருக்கிறார்.

விசயம் இதுதான். மகள் கொழும்பில் கெம்பஸில் இரண்டாம் வருசம். கூடப் படிக்கும் சிங்களப் பிள்ளை ஒருத்தியோடு ஒரு சூட்டிங் றேஞ்சுக்குப் போயிருக்கிறாள். சும்மா பார்க்கப் போனவளுக்கு எயார் பிஸ்டல் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதமாகக் கிழமைக்கு ஒரு தரம் போகிறாள். கோச் "கை நல்ல நிதானம்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது சொந்தமாக ஒரு பிஸ்டல் வேண்டும் என்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து லீவிலும் பழகலாமாம்.

காக்கா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பக்கத்து ஊரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த எயார் பிஸ்டலாம். விலை குறைவு. யாரோ மூலமாக மகளுக்குப் படம் வந்திருக்கிறது.

"பேப்பர் இரிக்காமா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லையாம் சேர். காத்துத் துவக்குக்குப் பேப்பர் என்னத்துக்கெண்டு அந்த ஆள் சொன்னாராம்."

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பல வருசம் பாடசாலையில் கடேற் பொறுப்பாசிரியராக இருந்தவன் நான். ரந்தம்பையில் பயிற்சி எடுத்தவன். துவக்கைப் பற்றி நாலு விசயம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த நினைப்பில் வாய் முந்திவிட்டது.

"காற்றுத் துவக்குத்தானே காக்கா. பயப்பட என்ன இரிக்கு? ஒலிம்பிக்ல விளையாடுற சாமான்."

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப இது ஆளைக் கொல்லாத துவக்கா சேர்?"

பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பி நின்று கேட்கும் கேள்வி போல இருந்தது. ஓம் என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்று சுட்டால் கண் போய்விடும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னால், கொஞ்சத்துக்கு முன் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். இத்தனை வருசம் ஒரே ஊரில் இருந்தும் எனக்குத் தெரியாத கதை.

1990. ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய வருசம். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளியும் ஏறாவூரும் நடந்த வருசம். அந்த நாட்களில் நம்முடைய ஊர்களில் இரவில் யார் நித்திரை கொண்டது? ஊர்காவல் படைக்கு இளந்தாரிகளை எடுத்தார்கள். காக்காவுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. கையில் ஒற்றைக் குழல் சொட்கன் ஒன்றைக் கொடுத்து, வயல் பக்கம் காவலுக்கு விட்டார்கள். பயிற்சி என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. எப்படித் தோட்டா போடுவது, எப்படி இழுப்பது, அவ்வளவுதான்.

"ஒரு சுபஹுக்கு முன்னால சேர். பனிப் புகார். வரம்பால ஒரு ஆள் வாறது தெரியிது. ஆரெண்டு கேட்டன். சத்தமில்ல. துவக்கை உசத்திட்டன். விரல் உள்ளுக்குப் போயிட்டு. அந்த ஆள் இருமினாரு. இருமல வெச்சித்தான் தெரியும், எங்கட மூத்த காக்கா. எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்திரிக்காரு. காது கொஞ்சம் மந்தம் அவருக்கு. நான் கேட்டது கேக்கல்ல."

அந்தத் துவக்கைப் பிறகு ஒப்படைத்துவிட்டாராம். அதற்குப் பிறகு ஒரு துவக்கையும் தொட்டதில்லையாம். மூத்த காக்கா மவுத்தாகும் வரைக்கும் அவரிடம் அதைச் சொல்லவும் இல்லையாம்.

"அவர் இருமாட்டி, சேர்?" என்றார். பிளேன்டி ஆறிப்போயிருந்தது.

இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது. அதை அவர் சொல்லத் தேவையில்லை, நம் எல்லாருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் 15 உயிர்கள் போயின. அதில் 6 பேர் குழந்தைகள். அந்த வீட்டில் இருந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்தது ஊர்ச் சனம்தான் என்பதை நாம் எவ்வளவு சொன்னாலும், அதற்குப் பிறகு வந்த தேடுதல் நாட்களில் குசினியில் இருந்த இறைச்சிக் கத்தியைக்கூட எங்கே வைப்பதென்று யோசித்த வீடுகள் நமக்குத் தெரியும். அப்படி ஒரு ஊரில், முஸ்லிம் வீட்டு அலுமாரிக்குள், பேப்பர் இல்லாத பிஸ்டல். பார்த்தால் உண்மையான கைத்துப்பாக்கி போலவே இருக்கும் பிஸ்டல். அது காற்றில் வேலை செய்கிறதா வெடிமருந்தில் வேலை செய்கிறதா என்று நின்று விளக்கம் சொல்ல யார் நேரம் தருவார்கள்?

நான் "பயப்பட என்ன இரிக்கு" என்று சொன்னதை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினேன். "காக்கா, நான் சொன்னது பிழை. அந்தப் படத்தில் இரிக்கிற சாமானை வாங்கவே கூடாது. ஆனா மகள் சுடப் பழகக்கூடாதெண்டு நான் சொல்லமாட்டன். ரெண்டும் வேற வேற" என்றேன்.

அடுத்த நாள் மகளுக்குக் கோல் எடுத்தேன். நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் அவள் கேட்டாள்: "சேர், நம்மட ஊர்ப் பொடியன் ஒருத்தன் கிரிக்கெட் பெட் வாங்கினா அவன்ட வாப்பா ராவுல உங்கட வீட்டுக்கு வருவாரா? எங்கட பேரைப் பாத்து மத்தவன் பயப்படுறான் எண்டதுக்காக, நாங்களும் எங்களுக்குப் பயப்படணுமா?"

இதற்கும் என்னிடம் உடனே பதில் இல்லை. அந்தக் குடும்பத்துக்குக் கேள்வி கேட்கும் வரம் இருக்கிறது போல.

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் எயார் ரைபிளில் நம் நாட்டுக்காகச் சுட்டவர் தெஹானி எகொடவெல என்ற பெண்பிள்ளை. பாரிஸில் 2024இல் இந்தியாவின் மனு பாக்கர் எயார் பிஸ்டலில் இரண்டு வெண்கலம் எடுத்தார். அதே பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகேச், 51 வயது, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி எடுத்த படத்தை நீங்கள் எல்லாரும் ஷெயர் பண்ணினீர்கள். நானும் பண்ணினேன். நம்முடைய மார்க்கத்தில் அம்பெய்யப் பழகுவது ஊக்குவிக்கப்பட்ட விசயம் என்று ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த வரிசையில் போய் நின்றவுடன் நமக்கு வியர்க்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தோம். வேண்டாம் என்றும் சொல்வதில்லை, வாங்கு என்றும் சொல்வதில்லை. முதலில் மூன்று பேரும் அந்த றேஞ்சுக்குப் போய்ப் பார்ப்பது. வெள்ளி இரவு கல்முனையிலிருந்து பஸ் ஏறினோம். காக்கா வழி முழுக்கத் தஸ்பீஹோடு இருந்தார்.

கோச் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களத்தில்தான் பேசினார், மகள் மொழிபெயர்த்தாள். நான் என் கடேற் வரலாற்றைச் சொல்லத் தொடங்கியதும் அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரு பிஸ்டலை மேசையில் வைத்து, "எடுத்துப் பாருங்கள்" என்றார். எடுத்தேன். எடுத்துக்கொண்டே ஏதோ கேட்கிறதற்காக அவர் பக்கம் திரும்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழலை மெதுவாகக் குறிப்பலகைப் பக்கம் திருப்பிவிட்டு, பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டார். கோபப்படவில்லை. எனக்கு முகம் எரிந்தது. இதே பிழையை முதல் கடேற் முகாமில் ரைபிளோடு விட்டு ஏச்சு வாங்கியவன் நான். இருபது வருசம் கழித்தும் உடம்பு மறந்திருக்கிறது.

காக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி. கோச் ஆள் சரியான ஆள் என்று அந்த ஒரு நிமிசத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

மேசையில் இருக்கும் ஒவ்வொரு பிஸ்டலின் குழலுக்குள்ளும் செம்மஞ்சள் நிற நூல் ஒன்று போட்டிருந்தார்கள். முன்வாய் வழியாகவும் தெரியும், பின்பக்கம் அறையிலும் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்பதைத் தூரத்தில் நிற்பவனும் காணட்டும் என்பதற்காக. சர்வதேசப் போட்டிகளிலும் அது கட்டாயம். பள்ளிக்கோ சந்தைக்கோ அம்போடு வருகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் சொன்னது எனக்கு அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. காக்காவிடம் சொன்னேன். "அதானே" என்றார்.

இனி, இந்தப் பதிவைப் பார்த்து "நானும் பழகலாமா, எதை வாங்கலாம்" என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, விளையாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் எயார் பிஸ்டல் என்றால் ஒற்றைக் கை மட்டும். மற்றக் கை தாங்கக் கூடாது, மணிக்கட்டுக்கும் எந்தத் தாங்கலும் கூடாது. 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெலட். குறிப்பலகையில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், உங்கள் சேட்டுப் பொத்தான் அளவு. போட்டியில் ஒன்றேகால் மணி நேரத்தில் 60 வேட்டு. அறுபது தரம் ஒரு கிலோ அளவான பாரத்தைக் கை நீட்டி உயர்த்தி, மூச்சை அடக்கி, அவசரப்படாமல் விட வேண்டும். துணிச்சலைவிடப் பொறுமைதான் இதில் கூடத் தேவை. சினிமாவில் காண்கிறதை இங்கே தேட வேண்டாம்.

இரண்டாவது, எந்தக் கண் ஆளும் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோணம் ஒன்று வைத்து, தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான். வலது கைப் பழக்கமும் இடது கண் ஆட்சியும் உள்ளவர்கள் நிறையப் பேர். கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவராவிட்டால் வாங்குவதற்கு முன்னமே கோச்சிடம் சொல்ல வேண்டும். நம் மகள் அப்படித்தான். அந்தப் படத்தில் இருந்த பிஸ்டலின் பிடி வலது கைக்காரருக்கு. கோச் இவளை இடது கைக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். வாங்கியிருந்தால் காசும் போய், கையும் கெட்டிருக்கும்.

மூன்றாவது, பெயரைப் பார்க்காதீர்கள், பிடியைப் பாருங்கள். ஸ்டையர், மொரினி, வால்தர், பர்தினி, பைன்வெர்க்பாவ் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. அவை எல்லாம் பத்துப் புள்ளியில் சுடக்கூடியவைதான். நம் கையால்தான் முடிவதில்லை. பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவில் வருகின்றன. வலது, இடது வேறு வேறு. சரியான பிடியைக் கண்டுபிடிக்கக் கோச் காட்டிய வழி இது: பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். முன் குறியும் பின் குறியும் தானாக நேரில் வந்து நின்றால் பிடி உங்களுடையது. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அது வேறொருவருடையது. சுட்டுவிரலின் முதல் மொழிக்கு மேலுள்ள சதை விசையில் பட்டு, நேராகப் பின்னுக்கு வர வேண்டும். சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு நீளமும் பாரமும் குறைந்த மொடல்கள் இருக்கின்றன.

நான்காவது, விசை. எயார் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பிஸ்டலின் மொத்தப் பாரம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. இலேசாக இருந்தால் நல்லது என்று விசையை இளக்கி வைத்த பழைய பிஸ்டலை விற்க வருவார்கள். போட்டியில் விடமாட்டார்கள், அதைவிட அது ஆபத்து. விசையில் மின் வகையும் இருக்கிறது, பொறி வகையும் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பொறி வகை போதும். டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, நேரம் போய், இறுதிச் சுற்றே கைவிட்டுப் போனது. உலகத் தரத்துப் பிள்ளைக்கே அப்படி என்றால், கல்முனையில் இருக்கும் நமக்குப் பழுது பார்க்க யார் இருக்கிறார்கள் என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பாவித்த பிஸ்டல் வாங்கினால் காற்றுச் சிலிண்டரின் திகதியைப் பாருங்கள். இன்றைய பிஸ்டல்களில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. சிலிண்டருக்குப் பத்து வருசம்தான் ஆயுள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். திகதி சிலிண்டரில் பொறித்திருக்கும். மகளுக்கு வந்த படத்தைப் பெரிதாக்கிக் கோச்சிடம் காட்டினோம். திகதி தெரியும் இடத்தில் விற்கிறவர் பெருவிரலை வைத்துப் படம் எடுத்திருந்தார். தற்செயலாகவும் இருக்கலாம். நல்லெண்ணம் வைப்போம். வாங்காமல் விடுவோம்.

ஆறாவது, எல்லாவற்றையும்விடப் பெரியது, சட்டம். நம் நாட்டில் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. 1996இல் தண்டனைகளைக் கடுமையாக்கித் திருத்தினார்கள். துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேண்டும். வயலைக் காக்க சொட்கன் வைத்திருக்கும் நம் சம்மாந்துறைப் பக்கத்து விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கைத்துப்பாக்கி என்றால் விசயம் பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போகும். 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று முறையாக அனுமதி எடுத்து வைத்திருந்தவர்களிடம்கூட மீளாய்வுக்காகத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படியானால் அனுமதியே இல்லாத சாமானை "காற்றுத்தானே" என்று நம்பி வாங்குவது எவ்வளவு மடத்தனம்! கோச் ஒரே வசனத்தில் சொன்னார்: பேப்பர் முதலில், பிஸ்டல் பிறகு. விளையாட்டுக்காக என்றால் கழகம், சம்மேளனம் ஊடாகத்தான் கேட்க வேண்டும். ஒருவர் வாய்ச்சொல்லில் போக வேண்டாம், நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாகக் கோச்சிடம் மகள் நேரே கேட்டாள்: "அப்ப என்ட முதல் பிஸ்டல் எது சேர்?"

அவர் சுவரில் இருந்த கழகப் பெட்டியைக் காட்டினார். பிடியில் தோல் போல் தேய்ந்துபோன ஒரு பழைய பிஸ்டல். பக்கத்தில் உள்ள கைபிடியை ஒரு தரம் திறந்து மூடினால் ஒரு வேட்டுக்குக் காற்று ஏறும். சிலிண்டர் இல்லை, மின் விசை இல்லை. எத்தனையோ பிள்ளைகள் சுட்டுப் பழகிப் போனது. "இதுதான். ஒரு வருசம். இதில் உன்னால் ஏன் முடியவில்லை என்று உனக்கே சொல்லத் தெரியும்போது, எதை வாங்குவதென்று என்னிடம் கேட்க மாட்டாய்" என்றார்.

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு விளங்கியது. இருபது வயதில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்பது பெரிய ஆசை. ஆனால் அவள் அழவில்லை, வாதாடவுமில்லை. சோலின் தொங்கல் பிடியில் மாட்டாமல் ஊசி குத்திக்கொண்டு, போய்க் கோட்டில் நின்றாள்.

இப்போது காக்கா செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பின்னால் கதிரையில் இருந்தவர் எழும்பி வந்து, மகளுக்குப் பின்னால், கோச் காட்டிய கோட்டுக்கு அங்கால் நின்றார். அவள் சுடவில்லை, முதலில் கையை உயர்த்தி இறக்கிக்கொண்டு மட்டும் இருந்தாள். விரல் விசைக்கு வெளியே, குழலோடு நேராக நீட்டியபடி. காக்கா அந்த விரலை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றார். கோச் கட்டளை சொன்ன பிறகுதான் விரல் உள்ளே போனது. "டப்" என்று ஒரு சின்னச் சத்தம். ஏழோ எட்டோ புள்ளி. உடனே விரல் வெளியே வந்துவிட்டது.

"எங்களுக்கு இதை ஆரும் சொல்லித் தரல்ல சேர்" என்றார் என்னிடம். "விரல வெளிய வையிண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

அன்றிரவு பஸ்ஸில் வரும்போது அவருடைய முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். "காக்கா, ஆளைக் கொல்லாத துவக்கெண்டு ஒண்டும் இல்ல. அப்படி நெனச்சித்தான் ஆக்கள் பிழை விடுற. மகளுக்கு அங்க முதல்ல படிப்பிக்கிற பாடமே அதுதான்." அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார்.

இப்போது என்ன நிலைமை என்று கேட்பீர்கள். மகள் கழகப் பிஸ்டலில்தான் சுடுகிறாள். அது றேஞ்சிலேயே பூட்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு பெலட்கூட வருவதில்லை. லீவுக்கு வந்தால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, உயர்த்தி இறக்கிப் பழகுகிறாள். காக்கா கதிரையில் இருந்து எண்ணுகிறார். அறுபது வரைக்கும். மூன்று தரம் எண்ணிக்கையில் பிழைவிட்டு மகளிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். ஒரு வருசம் முடிந்து அவளுக்குத் தகுதி வந்தால் கழகமே எழுத்துமூலம் விண்ணப்பிக்கும். வந்தாலும் பிஸ்டல் றேஞ்சிலேயே இருக்கும் என்று வாப்பாவும் மகளும் பேசி முடித்திருக்கிறார்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. நாம் நமக்கே பயப்பட வேண்டுமா? என் அபிப்பிராயம்: பயந்து பிள்ளையை வீட்டில் இருத்தவும் கூடாது, பயமில்லை என்று காட்டக் குறுக்கு வழியில் போகவும் கூடாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒரு பிழை விட்டால் நமக்கு விளக்கம் சொல்லக் கிடைக்கும் நேரம் குறைவு. அது அநியாயம்தான். அந்த அநியாயத்தைப் பற்றிக் கதைக்க வேண்டிய இடத்தில் கதைப்போம். அதுவரைக்கும் நம் பிள்ளையின் பேப்பர் மற்ற எல்லாருடையதையும்விடச் சுத்தமாக இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்க நினைக்கிறவர்கள், எழுதுவதற்கு முன் ஒரு லீற்றர் போத்தலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்து அறுபது தரம் உயர்த்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் முயற்சி செய்தேன். இருபத்தியிரண்டில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளைக்காக துஆ செய்யுங்கள். இருமித் தன் தம்பியைக் காப்பாற்றிய அந்த மூத்த காக்காவின் மறுமைக்காகவும்.

வஸ்ஸலாம்.